அம்மாவுக்கு வந்தது வறட்சி மட்டும் இல்லை

எண்பதைத் தாண்டிய ஒருவருக்கு உடம்பு அரிக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். கேட்பவர்கள் எல்லோரிடமும் ஒரே பதில்தான் இருக்கும்: "வயசானா அப்படித்தான். தோல் வறண்டு போகும். எதையாவது தடவிவிடு." என் அம்மாவுக்குத் தொடங்கிய அரிப்பு அடங்க ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்தது. அதற்குள் அவர் கீழே விழுந்தார், கையில் தோல் கிழிந்தது, நான் சம்பளமில்லாத விடுப்பில் கிடந்தேன். பயன்படாத டியூப்களுக்குப் போன பணம் தனிக்கணக்கு. இவற்றில் பாதியையாவது யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் தவிர்த்திருக்கலாம் என்று இன்றும் ஆத்திரமாக வருகிறது. நான் மருத்துவன் இல்லை, அம்மாவை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட மகன். மருத்துவர்களிடமும், அவர்களைவிட அதிகமாக ஒரு நர்ஸிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

கால்களில்தான் ஆரம்பித்தது. முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பின் மேலிருக்கும் தோல் வெளுத்துச் சொரசொரப்பானது. காலையில் படுக்கை விரிப்பை உதறினால் பொடிப் பொடியாகச் செதில் பறக்கும். கொஞ்ச நாளில் அதே இடத்தில் மெல்லிய வெடிப்புகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின, அவற்றின் ஓரங்கள் சிவந்தன. பகலில் அம்மா பெரிதாகக் கண்டுகொள்ள மாட்டார். விளக்கை அணைத்த பிறகு பக்கத்து அறையிலிருந்து சொறியும் சத்தம் கேட்கும். எழுந்துபோய்ப் பார்த்தால், "நீ போய்ப் படுடா, இதுக்கெல்லாம் எழுந்து வருவியா" என்பார். நகத்தில் ரத்தம் இருக்கும். இருவருக்குமே தூக்கம் போனது. மறுநாள் அலுவலகத்தில் ஒரு சின்ன விஷயத்துக்கு யார்மேலாவது எரிந்து விழுவேன். வீட்டில் அம்மாவின் மேலும் எரிந்து விழுந்திருக்கிறேன்.

ஏன் கால்களில் முதலில் வருகிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது. வயதாகும்போது எண்ணெய்ச் சுரப்பிகளும் வியர்வைச் சுரப்பிகளும் குறைவாகவே சுரக்கின்றன. மேல்தோலின் செல்களுக்கு இடையில் இருந்து நீரைத் தப்பவிடாமல் பிடித்துவைக்கும் செராமைடு போன்ற கொழுப்புகளும் குறைகின்றன. கீழ்க்கால்களில் எண்ணெய்ச் சுரப்பிகள் இயல்பிலேயே குறைவு என்பதால் அங்கே முதலில் காய்ந்துபோகிறது. காய்ந்த தோல் அரிக்கும், சொறிந்தால் இன்னும் சேதமாகும், சேதமானால் இன்னும் அரிக்கும். அந்த வெடிப்பும் சிவப்பும் சேர்ந்த நிலை, வறட்சி முற்றி எக்ஸிமா, அதாவது தோல் அழற்சி ஆகிவிட்டதற்கு அடையாளம் என்று பிறகு தெரிந்தது. அந்தக் கட்டத்தில் வெறும் மாய்ஸ்சரைசர் போதாது, சில நாட்களுக்காவது மருந்து தேவைப்படும். "தண்ணி நிறைய குடிக்கச் சொல்லு" என்று சொல்லாத உறவினர் இல்லை. உடம்பில் நீர் குறைந்திருந்தால் குடிக்கத்தான் வேண்டும். ஆனால் மேல்தோலின் வறட்சி தண்ணீர் குடிப்பதால் மட்டும் தீராது. இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர்களுக்கு எவ்வளவு குடிக்கலாம் என்ற அளவே உண்டு, அவர்களை வற்புறுத்திக் குடிக்கவைப்பது ஆபத்து.

இனி பணம் போன கதை. மருந்துக் கடையில் கேட்டால் கையடக்கமான டியூப் ஒன்றைத் தருவார்கள். கொஞ்சமாக எடுத்துக் காலில் தேய்ப்பேன், ஒரு டியூப் பல வாரங்கள் வரும். பலன் இல்லை என்று அடுத்தது, அதைவிட விலை கூடியது. வெளியூரில் இருக்கும் தங்கை முதுமையைத் தள்ளிப்போடும் க்ரீம் என்று ஒரு ஜாடி அனுப்பினாள், என் வாங்குதல்கள் எல்லாவற்றையும்விட அதுதான் விலை அதிகம். அதில் ரெட்டினால் இருந்தது. சுருக்கத்துக்குப் பயன்படும் அந்தப் பொருள் ஏற்கெனவே காய்ந்து வெடித்த தோலை இன்னும் எரிச்சலாக்கும். அம்மா தடவிய அன்றே கழுவச் சொல்லிவிட்டார்.

அளவுதான் விஷயம் என்பதைக் கடைசியில் அந்த நர்ஸ் என் ஆள்காட்டி விரலைப் பிடித்துக் காட்டினார். விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை நீளமாகப் பிதுக்கினால் சுமார் 0.5 கிராம் வரும். அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத்துக்குத்தான் போதும். பாதத்தோடு சேர்த்து ஒரு காலுக்கு அப்படி 8 அளவு, அதாவது 4 கிராம். முழு உடம்புக்கு ஏறக்குறைய 20 கிராம். ஒரு நாளைக்கு இருமுறை என்றால் 40. நான் பல வாரங்களுக்கு ஓட்டிய டியூப் உண்மையில் ஒரே நாளில் தீர்ந்திருக்க வேண்டியது! வேலை செய்யவில்லை என்று தூக்கிப்போட்ட க்ரீம்களில் சில நல்ல க்ரீம்களாகவே இருந்திருக்கலாம். ஆகவே விலை உயர்ந்த சின்ன டியூபைவிட, விலை மலிவான பெரிய டப்பா மேல். எவ்வளவு தாராளமாகத் தடவ மனம் வருகிறதோ அதுதான் சரியான மாய்ஸ்சரைசர். டப்பாவிலிருந்து எடுக்கும்போது விரலை விடாமல் சுத்தமான கரண்டியால் எடுப்பது நல்லது.

எதை வாங்குவது என்பதில் பெயரைப் பார்க்காமல் பின்பக்கத்தைப் பார்க்கப் பழகினேன். லோஷனில் தண்ணீர் அதிகம், தடவ எளிது, சீக்கிரம் காய்ந்துவிடும். க்ரீம் நடுத்தரம். பெட்ரோலியம் ஜெல்லி மாதிரியான ஆயின்மென்ட் பிசுபிசுவென்று இருந்தாலும் நீர் வெளியேறாமல் தடுப்பதில் அதற்கு இணை இல்லை. கிளிசரினும் யூரியாவும் நீரை இழுத்துப் பிடிப்பவை. யூரியா 5 முதல் 10 சதவீதம் இருந்தால் வறட்சிக்கு நல்லது, ஆனால் வெடித்த இடத்தில் சுரீர் என்று எரியும், வெடிப்பு ஆறிய பிறகு தொடங்கலாம். 20 சதவீதத்துக்கு மேல் போனால் அது தடித்த குதிகாலுக்கானது, மெலிந்த தோலுக்கு வேண்டாம். வாசனை சேர்த்த எதுவும் வேண்டாம். நாங்கள் கடைசியில் நிலைத்தது பகலில் க்ரீம், இரவில் கால்களுக்கு பெட்ரோலியம் ஜெல்லி. அம்மாவுக்கு அந்தப் பிசுபிசுப்பு பிடிக்காது, பழைய பருத்தித் துணியைக் காலுக்கடியில் விரித்தவுடன் ஒத்துக்கொண்டார்.

குளியலிலும் சிலவற்றை மாற்றினோம். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினால் அரிப்புக்கு அப்போது சுகமாக இருக்கும், ஒரு மணி நேரத்தில் இருமடங்காகத் திரும்பும். வெதுவெதுப்பான தண்ணீர், 5 முதல் 10 நிமிடம், அவ்வளவுதான். தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உடையது, அதன் பி.எச். 5 அளவில் இருக்கும். சாதாரண சோப்பு 9, 10 என்று காரப் பக்கம் நிற்பது. அதை உடம்பு முழுக்கத் தேய்ப்பதை நிறுத்தி அக்குள், தொடை இடுக்கு, பாதம் இவற்றுக்கு மட்டும் வைத்துக்கொண்டோம், அதுவும் காரமில்லாத வகை. துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்துவிட்டு, ஈரம் முழுதாகக் காய்வதற்கு முன், இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் க்ரீம். முடி வளரும் திசையிலேயே, மேலிருந்து கீழாகத் தடவ வேண்டும், எதிர்த்திசையில் அழுத்தித் தேய்த்தால் மயிர்க்கால்களில் கொப்புளம் வரும். கால்விரல் இடுக்கில் மட்டும் தடவக் கூடாது. அங்கே ஈரம் தங்கினால் பூஞ்சை, பூஞ்சையால் தோல் பிளந்தால் அதன் வழியே கிருமி. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமே இல்லை.

இதெல்லாம் தெரிவதற்கு முன்பே அந்த மாத்திரை வந்துவிட்டது. ராத்திரி தூங்க முடியவில்லை என்று சொன்னதும் ஒரு மருத்துவர், "அரிப்பும் குறையும், தூக்கமும் வரும்" என்று அலர்ஜி மாத்திரை எழுதினார். தூக்கம் வந்தது, பகலிலும் வந்தது. அம்மா சாப்பிடும்போதே கண் செருகினார். எந்தக் கிழமை என்று கேட்டால் தடுமாறினார். போன வருடம் இறந்த தன் அக்காவைப் பற்றி, "இன்னும் வரலையா?" என்று விசாரித்தார். நான் மறதி நோய் தொடங்கிவிட்டது என்றே நினைத்து, இணையத்தில் அதைப் பற்றிப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் சிறுநீர் சரியாகப் போகவில்லை, வயிறு கட்டிக்கொண்டது. ஓர் இரவு கழிவறைக்கு எழுந்தவர் கட்டிலோரத்தில் சாய்ந்து விழுந்தார்.

குளோர்பெனிரமைன், ஹைட்ராக்சிசின், டைபென்ஹைட்ரமைன் போன்ற தூக்கம் வரவழைக்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகள் முதியவர்களுக்குக் குழப்பம், தள்ளாட்டம், சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல் எல்லாவற்றையும் கொண்டுவரக் கூடியவை. முதியோருக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் பராமரிக்கும் பியர்ஸ் பட்டியலிலேயே இவை இருக்கின்றன. வறட்சியால் வரும் அரிப்புக்கு இவற்றால் பெரிய பலனும் இல்லை, ஆளை மயக்குவதால் சொறிவது குறைந்ததாகத் தெரியும், அவ்வளவுதான். மாத்திரையை நிறுத்திய சில நாட்களில் அம்மாவின் தெளிவு திரும்பியது. அந்த நிம்மதியைச் சொல்லி மாளாது, கூடவே வந்த கோபத்தையும்தான். வயதானவருக்கு அரிப்புக்கு மாத்திரை எழுதினால், "இது தூக்கம் வரவைக்கிற வகையா? இவங்க வயசுக்குச் சரியா?" என்று கேட்டுவிடுங்கள். மாத்திரை தொடங்கிய சில நாட்களில் பேச்சு குழறினாலோ நடை தள்ளாடினாலோ முதல் சந்தேகம் மாத்திரையின் மேல் இருக்கட்டும்.

விழுந்ததில் எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் முன்கையில் கட்டில் விளிம்பு உரசிய இடத்தில் தோல், ஈரக் காகிதம் கிழிவதுபோலக் கிழிந்து ஒரு பக்கமாகச் சுருண்டு நின்றது. இளம் வயதில் மேல்தோலும் அடித்தோலும் மேடு பள்ளங்களால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருக்கும். வயதானால் அந்த மேடு பள்ளம் தட்டையாகி, இரண்டும் எளிதில் வழுக்கிப் பிரியும். எனக்கு அப்போது இது எதுவும் தெரியாது. உதவிக்கு ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரர் நல்லெண்ணத்தோடு பெரிய பிளாஸ்திரி ஒட்டினார். மறுநாள் அதை உரித்தபோது பிளாஸ்திரியோடு இன்னும் ஒரு துண்டுத் தோல் வந்தது. அம்மா கத்தவில்லை, என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். சில வாரங்களில் ஆறியிருக்க வேண்டிய காயம் மாதக்கணக்கில் இழுத்தது. கட்டு மாற்றுவதற்கென்று விடுப்பு எடுத்ததில்தான் என் சம்பளம் அதிகம் போனது.

கட்டு மாற்ற வந்த நர்ஸ்தான் மேலே சொன்ன விரல் அளவைக் காட்டியவர். தோல் கிழிந்தால் செய்ய வேண்டியதையும் அவர் சொன்னார். முதலில் சுத்தமான துணியால் அழுத்தி ரத்தத்தை நிறுத்துங்கள். சுத்தமான தண்ணீரோ உப்புக் கரைசலோ ஊற்றிக் கழுவுங்கள். சுருண்ட தோலை வெட்டி எறியாதீர்கள், நனைத்த பஞ்சால் மெல்ல உருட்டி அதன் இடத்திலேயே பரப்பிவிட்டால் அதுவே நல்ல மூடி. அதன்மேல் ஒட்டாத சிலிகோன் வகைக் கட்டு, அதைப் பிடித்துக்கொள்ளச் சுற்றுத்துணி. கட்டை எந்தத் திசையில் பிரிக்க வேண்டும் என்று, தோல் ஒட்டியிருக்கும் பக்கத்திலிருந்து கிழிந்த ஓரத்தை நோக்கி, அதன் மேல் பேனாவால் அம்புக்குறி போட்டு வையுங்கள், அடுத்தமுறை பிரிப்பவர் எதிர்த்திசையில் இழுத்துத் தோலைக் கிளப்பிவிடாமல் இருப்பதற்கு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்து, கால் மணி நேரம் அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்கவில்லை என்றால் வீட்டில் வைத்திருக்க வேண்டாம். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவர் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு உறைத்தது. ஆஸ்திரேலியாவில் முதியோர் இல்லங்களில் நடந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில், கை கால்களுக்குத் தினம் இருமுறை மாய்ஸ்சரைசர் தடவியவர்களிடம் இப்படித் தோல் கிழிவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாம். அழகுக்கென்றும் சுகத்துக்கென்றும் நான் நினைத்திருந்த ஒரு வேலை காயத்தையே தடுக்கிறது! அன்றிலிருந்து அது மாத்திரை கொடுப்பதற்குச் சமமான வேலையாக வீட்டில் ஆனது. கூடவே கட்டில் விளிம்புக்கு மெத்தென்ற உறை, அம்மாவுக்கு முழங்கை தாண்டிய மென்மையான சட்டை, பார்த்துக்கொள்பவர் கையில் மோதிரமும் நீள நகமும் இல்லாமல் இருப்பது என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. எழுப்பும்போது மணிக்கட்டைப் பிடித்து இழுப்பதை விட்டு, முதுகுக்கும் முழங்கைக்கும் கீழே கை கொடுத்துத் தூக்கக் கற்றுக்கொண்டேன்.

சரி, கால்கள் தேறின. வெடிப்பு மறைந்தது, செதில் இல்லை, தொட்டால் மெத்தென்று இருந்தது. ஆனால் அம்மா ராத்திரியில் சொறிவது நிற்கவில்லை. மறுபடியும் அதே பதில்: "வயசானா அப்படித்தான்." ரத்தப் பரிசோதனைகள் எடுத்தோம். சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, சர்க்கரை, இரும்புச்சத்து, ரத்த அணுக்கள் இவற்றில் எது கெட்டாலும் தோலில் ஒன்றும் தெரியாமலே உடம்பு அரிக்கலாம் என்பதால் அவை தேவையான பரிசோதனைகள்தான். எங்களுக்கு எல்லாம் ஒழுங்காக வந்தது. மருந்துக் கடையில் கொடுத்த ஒரு கலப்பு க்ரீம், ஸ்டீராய்டும் வேறு சிலவும் சேர்ந்தது, தடவினால் இரண்டு நாள் அடங்கும், அப்புறம் திரும்பும்.

பகலில் அம்மாவின் உதவிக்குச் சம்பளத்துக்கு வரும் அக்கா ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தம்பி, தப்பா நினைக்காதீங்க, எனக்கும் ராத்திரியில அரிக்குது." எனக்கும் இடுப்பைச் சுற்றி அரித்துக்கொண்டிருந்தது, தூக்கம் கெட்டதால் வந்த எரிச்சல் என்று எண்ணியிருந்தேன். மூவரும் தோல் மருத்துவரிடம் போனோம். அவர் அம்மாவின் விரல் இடுக்கையும் மணிக்கட்டையும் பூதக்கண்ணாடிக் கருவியால் பார்த்துவிட்டு, உதவிக்கு வரும் அக்காவைத் துணைக்கு வைத்துக்கொண்டு இடுப்பையும் மார்புக்குக் கீழேயும் பார்த்தார். ஸ்கேபீஸ், அதாவது சிரங்குப் பூச்சி. வறட்சியும் உண்மை, அதன்மேல் இதுவும் வந்து உட்கார்ந்திருக்கிறது என்றார். ஸ்டீராய்டு க்ரீம் சிவப்பையும் தடிப்பையும் அமுக்கிவிட்டதால் பார்ப்பவர்களுக்கு வெறும் வறட்சியாகவே தெரிந்திருக்கிறது. முதியவர்களிடம் இப்படித் தவறிப்போவது சாதாரணமாம். அத்தனை மாதமாக அத்தனை பேரிடம் காட்டியும் யாரும் அம்மாவின் உடம்பை முழுதாகப் பார்க்கவில்லை. கால்களைப் பார்த்ததும் பதில் கிடைத்துவிட்டது எல்லோருக்கும்.

சிகிச்சை எளிது, ஒழுங்காகச் செய்வதுதான் கஷ்டம். 5 சதவீத பெர்மெத்ரின் க்ரீமைக் கழுத்திலிருந்து பாதம் வரை ஓர் இடம் விடாமல், நகத்துக்கு அடியிலும் சேர்த்துத் தடவி 8 முதல் 14 மணி நேரம் வைத்திருந்து கழுவ வேண்டும். முதியவர்களுக்குக் கண்ணையும் வாயையும் தவிர்த்து முகம், தலை, காதுக்குப் பின்புறம் என்று அங்கேயும் தடவ வேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். இடையில் கை கழுவினால் கையில் மறுபடி தடவ வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. அரிப்பு இருக்கிறதோ இல்லையோ, வீட்டில் இருப்பவர்களும் நெருங்கிப் பழகுபவர்களும் எல்லோரும் ஒரே நாளில் செய்ய வேண்டும். ஏனென்றால் முதன்முறை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகலாம், அதற்குள் அவரிடமிருந்து அடுத்தவருக்குப் போய்விடும். துணிகளையும் படுக்கை விரிப்புகளையும் சூடான நீரில் துவைத்தோம். துவைக்க முடியாதவற்றைப் பையில் கட்டிச் சில நாட்கள் ஒதுக்கி வைத்தோம், மனிதத் தோல் இல்லாமல் அந்தப் பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் உயிரோடிருக்காது. பூச்சி செத்த பிறகும் 2 முதல் 4 வாரம் வரை அரிப்பு நீடிக்கலாம். இதை முன்பே சொல்லிவிட்டதால்தான் நாங்கள் பயந்து மருந்தைத் திரும்பத் திரும்பத் தடவித் தோலைப் புண்ணாக்கிக்கொள்ளவில்லை.

வந்து போன உறவினர்களுக்குத் தொலைபேசியில் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. ஒரு சித்தி, "எங்க வீடு சுத்தமான வீடு" என்று வைத்துவிட்டார். குளிக்காததால் வருவதல்ல இது, தோலோடு தோல் சற்று நேரம் பட்டால் யாருக்கும் வரும். யாரிடமிருந்து எங்களுக்கு வந்தது என்று தெரியாது, தேடவும் இல்லை. உதவிக்கு வரும் அக்காவின் வீட்டாருக்கும் சேர்த்து மருந்து வாங்கிக் கொடுத்தோம், அவர் வராத நாட்களுக்குச் சம்பளமும் கொடுத்தோம். அதைச் செய்யாமல் அவரை மட்டும் நிறுத்தியிருந்தால் நியாயமும் இல்லை, நோயும் திரும்பி வந்திருக்கும்.

மகன் அம்மாவைப் பார்த்துக்கொள்வதில் பேசாமல் விடப்படும் ஒரு விஷயம் உண்டு. அம்மா என்னிடம் காலையும் கையையும் முதுகின் மேல்பாதியையும்தான் காட்டுவார், மற்றதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்பார். அவருக்குக் குனியவும் முடியாது, கண்ணும் சரியாகத் தெரியாது. எனக்கும் கூச்சம்தான். அதனால் இப்போது வேலையைப் பிரித்துக்கொண்டோம். குளிக்கும் நாட்களில் உதவிக்கு வரும் அக்கா மார்புக்குக் கீழே, தொடை இடுக்கு, பிட்டம், முதுகெலும்பின் அடிப்பகுதி எல்லாவற்றையும் பார்த்து என்னிடம் சொல்வார். முழங்காலுக்குக் கீழேயும், குதிகாலும், விரல் இடுக்கும் என் பொறுப்பு. எங்காவது சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பார்க்கிறோம். வெளுத்துப் பிறகு சிவந்தால் பரவாயில்லை. அழுத்தியும் வெளுக்காத சிவப்பு எலும்பு துருத்தும் இடத்தில் இருந்தால் அது படுக்கைப் புண்ணின் தொடக்கம், அங்கே தேய்த்து மசாஜ் செய்யவே கூடாது, அந்த இடத்தில் பாரம் விழாமல் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். சிறுநீர் கசிவு இருப்பவர்களுக்கு ஈரம் பட்டுப் புண்ணாகும் இடங்களில் துத்தநாக ஆக்ஸைடு சேர்ந்த தடுப்பு க்ரீம் உதவும்.

இன்னும் சிலவற்றைத் தோல் மருத்துவர் காத்திருந்து பார்க்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். ஒரு கால் மட்டும் சிவந்து, சூடாகி, வீங்கிப் பரவினால் உடனே போக வேண்டும், வெடிப்பு வழியே கிருமி உள்ளே போயிருக்கும். வாரக்கணக்கில் அரித்த இடத்தில் விறைப்பான நீர்க் கொப்புளங்கள் கிளம்பினால் அது வயதானவர்களுக்கு வரும் பெம்பிகாய்டு என்ற வேறு நோயாக இருக்கலாம். சர்க்கரைக்குக் கொடுக்கும் கிளிப்டின் வகை மாத்திரைகள் சிலருக்கு அதைத் தூண்டுவதுண்டு. ஆறாத புண், வடிவம் மாறும் மச்சம், காரணமில்லாமல் எடை குறைதல், கண் மஞ்சளாதல் இவற்றோடு அரிப்பு இருந்தாலும் அப்படியே. ஸ்டீராய்டு க்ரீம் கெட்டது என்று நான் சொல்லவில்லை, எக்ஸிமாவுக்கு அம்மாவுக்கே சில நாட்கள் அதைக் கொடுத்தார்கள், நன்றாகக் கேட்டது. எத்தனை நாள், எந்த இடத்தில் என்ற கணக்கில்லாமல் மாதக்கணக்கில் தடவினால் ஏற்கெனவே மெலிந்த தோல் இன்னும் மெலிந்து, லேசாகத் தட்டினாலே ரத்தம் கட்டிக்கொள்ளும்.

மாய்ஸ்சரைசரிலும் இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன, டப்பாவில் எழுத்து சின்னதாக இருப்பதால் யாரும் படிப்பதில்லை. பாதத்தில் தடவிவிட்டு நடந்தால் வழுக்கும். உட்கார்ந்தோ படுத்தோ இருக்கும்போது தடவி, பிடிப்புள்ள காலுறை போட்ட பிறகே எழ வேண்டும். இரண்டாவது தீ. க்ரீமும் ஆயின்மென்டும் ஊறிய துணியும் விரிப்பும் கட்டும் எளிதில் பற்றிக்கொண்டு வேகமாக எரியும். பெட்ரோலியம் ஜெல்லி போன்ற பாரஃபின் வகைகள் மட்டுமல்ல, பாரஃபின் இல்லாதவையும் அப்படித்தான் என்று பிரிட்டன் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2018இல் எச்சரித்தது. துவைத்தாலும் முழுதாகப் போகாது. புகைபிடிக்கும் பெரியவர்கள் இருக்கும் வீட்டில், அடுப்புக்கும் விளக்குக்கும் பக்கத்தில் புழங்குபவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லிவையுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது நான் இப்போது ஒரு தாள் எடுத்துப்போகிறேன். சாப்பிடும் மாத்திரைகள், தடவும் எல்லா க்ரீம்கள், எண்ணெய்கள், எது எப்போது தொடங்கியது, அரிப்பு பகலிலா இரவிலா, வீட்டில் வேறு யாருக்காவது உண்டா. தடிப்பு வந்து மறையும் இயல்புடையது என்பதால் இருக்கும்போதே கைபேசியில் படமும் எடுத்துவைக்கிறேன். முழங்காலுக்குக் கீழே மட்டும் பார்த்துவிட்டு மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கினால், "முதுகையும் இடுப்பையும் ஒருதரம் பார்த்துடுங்க டாக்டர்" என்று கேட்டுவிடுகிறேன். கேட்டு யாரும் மறுத்ததில்லை.